பார்ட்டி கேட்ட ஆள்

உஷாராணியிடம் இரண்டு போன்கள் உண்டு. ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று கல்யாணத்துக்கு. கல்யாணப் போனை எடுத்துவிட்டால் அவள் குரலே மாறிவிடும். பக்கத்தில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தாலும் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பேசுகிறவள் மாதிரித்தான் பேசுவாள். நல்லது கெட்டதில் கெட்டது எதுவாக இருந்தாலும் வீட்டுப் போனுக்குத்தான் வரவேண்டும் என்று பேண்டு செட்டுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். சாவு என்ன நம்பர் பார்த்தா வருகிறது என்று அவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஆவணி மாதத்து அந்தச் சனிக்கிழமை காலையில் செட்டில் பெரிய டிரம் அடிக்கிற ஆண்டி செத்துப்போன செய்தி சரியாக வீட்டுப் போனுக்குத்தான் வந்தது. அந்த அளவுக்கு ஆட்களைப் பழக்கியிருந்தாள்.

செய்தி வந்தபோது அவள் கோட்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மெரூன் கலர் கோட்டு, கையில் தங்கக் கலர் பட்டி. மறுநாள் சாயந்தரம் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை அழைப்பு. செட்டில் பதின்மூன்று பேர், அவள் வீட்டில் பன்னிரண்டு கோட்டு. பதின்மூன்றாவது ஆண்டியுடையது. அவர் மட்டும் கோட்டைத் துவைக்கத் தரமாட்டார். பெண்சாதி அத்தாயி துவைத்தால்தான் மனசுக்குப் பிடிக்கும் என்று வீட்டுக்கே எடுத்துப்போய்விடுவார்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஆண்டி கோழிப்பண்ணைக்கு எரு அள்ளப் போய்க்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயசு. அன்றைக்குக் காலையில் மூட்டையைத் தோளுக்கு ஏற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பண்ணையாட்கள் பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாதி வழியிலேயே தலை தொங்கிவிட்டது. இதைச் சொன்னவன் போனை வைத்துவிட்டான். உஷாராணி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் நாளைக்குப் பெரிய டிரம்மை யார் அடிப்பது என்ற நினைப்பு வந்தது. வந்ததும் அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

சேந்தமங்கலத்தில் அவள் புருஷன் தனசேகர் பேண்டு செட்டு வைத்திருந்தது அவன் அப்பன் காலத்திலிருந்து. டிரம்பெட் ஊதுவான். ஒன்பது ஆட்கள், சாயம் போன சட்டை, பால் சொசைட்டிச் சுவரில் எழுதிவைத்த போன் நம்பர். வருஷத்துக்கு இருபது கல்யாணம் வந்தால் பெரிது. மற்றபடி சோறு போட்டது சாவுதான். சுற்றுவட்டத்தில் எந்த ஊரில் எழவு விழுந்தாலும் தனசேகர் செட்டுதான் போகும். உஷாராணி கல்யாணத்துக்கு முன்னால் சேலம் அஸ்தம்பட்டியில் கல்யாண ஆல்பம் போடுகிற கடையில் ஆறு வருஷம் கம்ப்யூட்டரில் வேலை செய்தவள். பொண்ணு வீட்டுக்காரர்கள் ஒரு படத்தில் எதைப் பார்ப்பார்கள், எதைப் பார்த்து மூஞ்சி சுளிப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

அவள் முதலில் பேரை மாற்றினாள். தனசேகர் பேண்டு செட், தனம் மங்கள இசைக்குழு ஆனது. பக்கத்தில் பேண்டு செட் எங்கே இருக்கிறது என்று யாராவது போனில் தேடினால் முதலில் வந்து நிற்கிற மாதிரி செய்தாள். வாட்ஸ்அப்பில் என்னென்ன வாத்தியம், எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று படத்தோடு வைத்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் கேட்டாலும் வணக்கம் என்று பதில் தானாகப் போகும். போனிலேயே நாட்காட்டி, பேசி முடிந்த தேதி பச்சை, இழுபறியில் இருக்கிற தேதி மஞ்சள். கல்யாணம் முடிந்த மறுநாள் பொண்ணோட அப்பனுக்கு நன்றி சொல்லி, இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு செய்தி. ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம் வந்தபோது ஊர் ஊராக ஆள் தேடி மூன்று செட்டாக்கினாள். செட்டுக்கு ஒரு கலர் கோட்டு. ஏழு வருஷத்தில் முப்பத்தி நான்கு பேர் வீட்டில் அவள் பேரைச் சொல்லி அடுப்பெரிந்தது. மற்றவர்களுக்கு நிகழ்ச்சி விவரத்தை எழுதி அனுப்புவாள். ஆண்டிக்குப் படிக்கத் தெரியாததால் அவருக்கு மட்டும் பேசி அனுப்புவாள். "மாமா, நாளைக்கு மூணு மணிக்கு வேனு வருமுங்க, வெத்தல போட்டுட்டு வராதீங்க, பல்லு படத்துல செவப்பா தெரியுது" என்பாள். அவரும் பதிலுக்குச் "செரி சாமி" என்று பேசி அனுப்புவார்.

இதெல்லாம் நடந்தது ஆண்டியால்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அவர் பெரிய டிரம்மை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, குச்சியை மேலே வீசி, டிரம்மோடு ஒரு சுற்றுச் சுற்றி, விழுகிற குச்சியைப் பிடித்து, அடி தப்பாமல் அடித்ததை உஷாராணி போனில் எடுத்துப் போட்டாள். பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆண்டி கேட்டது, சவரம் செய்யாமல் ஆடுகிற இந்தக் கிழவன் யார் சாமி என்பதுதான். அதற்கப்புறம் போன் ஓயவில்லை.

பெரிய பார்ட்டிகள் வரத் தொடங்கியதும் ஒரு கேள்வியும் கூடவே வந்தது. மரியாதையாகத்தான் கேட்பார்கள். நீங்க சாவுக்கெல்லாம் போறதில்லீங்களே? ஒருவர் கேட்டார், இருவர் கேட்டார்கள், அப்புறம் எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டில் சாவே விழாத மாதிரி. அவர்களுக்கும் ஒருநாள் மேளம் வேண்டும்தான். ஆனால் அதற்கு வேறு ஆள், வேறு கை. உஷாராணி ஒருநாள் யோசித்துப் பேருக்குக் கீழே சுபகாரியங்களுக்கு மட்டும் என்று எழுதிவிட்டாள். எழுதியது பலித்தது, பெரிய இடங்கள் இன்னும் வந்தன. ஆனால் போன தை மாதம் செட்டு ஆள் ஒருவன் கைச்செலவுக்கு இல்லாமல் மல்லூர்ப் பக்கம் ஒரு சாவுக்குப் போய் ஊதியதை யாரோ படமெடுத்துப் போட, ஒரு பொண்ணு வீட்டார் அந்தப் படத்தை அப்படியே இவளுக்கு அனுப்பி, வேற பாத்துக்கறோமுங்க என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. சாவில் வாத்தியம் தொட்டவன் செட்டில் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் என்னத்தைத் தின்பது என்று ஆட்கள் முனகினார்கள். முதலில் தலையாட்டியவர் ஆண்டி. சாமி சொன்னா செரியாத்தான் இருக்கும் என்றார். நாற்பது வருஷமாகச் சாவு மேளம் அடித்த மனுஷன், அடுத்த வாரமே கோழிப்பண்ணைக்குப் போய் நின்றார்.

பேண்டுக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. செட்டில் ஒருத்தன் செத்தால் அவன் செட்டுதான் ஊதி எடுக்கவேண்டும். அதற்குக் கூலிப் பேச்சு கிடையாது. செத்தவனுடைய வாத்தியத்தை மட்டும் அன்றைக்கு யாரும் வாசிக்கமாட்டார்கள். ஒருத்தன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடைக்கு முன்னால் சும்மா நடப்பான். கேட்கிறவர்கள் காதில் அந்த இடம் ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டைதான் அவனுக்குச் செய்கிற மரியாதை. தனசேகரின் அப்பன் செத்தபோது அப்படித்தான் எடுத்தார்கள். அன்றைக்கு அழுதுகொண்டே டிரம் அடித்தவர் ஆண்டி.

அதனால் தனசேகர் செய்தி கேட்டதும் உள்ளே போய் டிரம்பெட்டை எடுத்துவந்து துடைக்க உட்கார்ந்தது இயல்புதான். உஷாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

"அது எதுக்குங்க இப்ப?"

"மாமன எடுக்கோணுமில்ல."

"நாளைக்குத் திருச்செங்கோடுங்க."

"நாளைக்குத்தான். மாமன் இன்னைக்குச் செத்துப்போனாரு."

அவளுக்குத் திருச்செங்கோடு என்பது ஒரு கல்யாணம் மட்டுமில்லை. குமாரசாமி என்கிற ரிக் வண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். பதினெட்டு போர்வெல் வண்டி வடநாட்டில் ஓடுகிறது. அவர் சொந்தக்காரர்கள் எல்லாம் அதே தொழில், எல்லோர் வீட்டிலும் கல்யாண வயசில் ஒன்றிரண்டு. அந்த மண்டபத்துக்குள் ஒருதரம் நுழைந்துவிட்டால் அடுத்த மூன்று வருஷத்துக்கு யாரையும் தேடிப் போகவேண்டியதில்லை. ஏழு மாதமாகப் பேசிப் பேசிப் பிடித்தது. இதையெல்லாம் அவள் சொன்னாள். மயானத்துக்குப் போகிற வழியில் ஐம்பது பேர் போனைத் தூக்கிப் பிடிப்பான், அதில் ஒருத்தன் போட்டால் போதும் என்றாள். படமெடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்வோம் என்றான் தனசேகர். செத்தவனுடைய பங்காளியிடம் போய் ஸ்டேட்டஸ் வைக்காதே என்று யார் சொல்வது என்று அவள் கேட்டாள்.

"அந்த மனுசன் என்னையத் தோள்ல தூக்கி வெச்சுட்டுப் போயி ஊதப் பழக்கினவரு உஷா," என்றான் கடைசியாக.

"எனக்கு மட்டும் அவரு ஆருங்க? நான் அழுவலீங்களா? முப்பத்தி நாலு ஊட்டுச் சோத்துல மண்ணப் போடறதா இருந்தா போயி ஊதுங்க. நான் இந்தப் போன ஒடச்சுப்போட்டு எங்கப்பன் ஊட்டுக்குப் போறேன்."

தனசேகர் டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடினான். அதற்கப்புறம் அவன் அவளிடம் பேசவில்லை.

ஆண்டியின் வீடு ஊருக்கு மேற்கே, குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டி. தகரம் போட்ட இரண்டு ரூம். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டியைப் பெஞ்சியில் கிடத்தியிருந்தார்கள். காலில் பண்ணை மண் சரியாகப் போகவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. கொல்லிமலைப் பக்கம் மேகம் கூடிக்கொண்டு வந்தது, ஆனால் மழை வருகிற மாதிரி இல்லை. செட்டு ஆட்கள் பத்துப் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். எல்லோரும் வாத்தியத்தோடு வந்திருந்தார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு எடுத்துவரவில்லை.

உஷாராணி ஒவ்வொருவரிடமும் போய், வாத்தியத்தை வேனில் வைக்கச் சொன்னாள். கிளாரினெட் மணிமாறன் மட்டும் வைக்கவில்லை. அவன் வாய்விட்டு அதிகம் பேசுகிறவன் இல்லை. எல்லோரும் கேட்கிற மாதிரி அன்றைக்குப் பேசினான்.

"அக்கா, நீங்க சட்டம் போட்டப்ப நாங்கெல்லாம் மொனவுனோம். அந்தாளு ஒருத்தருதான் செரின்னு சொன்னாரு. அதுக்காவவாச்சும் ஒரு பாட்டு ஊதறமுங்க. ஒண்ணே ஒண்ணு."

"நாளைக்குக் கல்யாண ஊட்டுக்காரங்க பாத்துட்டு வேண்டாமுன்னு சொன்னா, நீ உம்பொண்ணுக்கு பீஸ் கட்டுவியா மணி?"

மணிமாறன் கிளாரினெட்டைக் கழற்றித் துண்டு துண்டாகப் பெட்டியில் வைத்தான். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் அவள் சொல்வதில் எப்போதும் பொய் இருப்பதில்லை, அதுதான் தொந்தரவு.

அப்புறம் அவள் அத்தாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அத்தாயி ஜவ்வரிசி ஆகிற சேகோ மில்லில் மரவள்ளிக்கிழங்கு உரிக்கிறவள். வேலையில் இருந்து அப்படியே வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவு காய்ந்திருந்தது. இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். உஷாராணி அழுததில் நடிப்பு இல்லை. ஆடி மாதத்தில் கோழிப்பண்ணை வாசத்தோடு வந்து வாசலிலேயே நின்று, உள்ளே வந்தால் வீடு நாறிப்போகும் சாமி என்று சிரித்த அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மேளத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டதாக மெதுவாகச் சொன்னாள். ராசிபுரத்தில் கந்தவேல் செட்டு, நல்ல செட்டு, மூன்று மணிக்கு வந்துவிடுவார்கள், நானே கொடுத்துவிடுகிறேன் என்றாள். வண்டியில் வரும்போதே போனில் தேடிப் பிடித்திருந்தாள். அத்தாயி முதலில் புரியாமல் பார்த்தாள்.

"நம்ம செட்டு இத்தன பேரு நிக்கறாங்களே சாமி."

"நாளைக்குக் கல்யாணமுங்கத்தை."

அத்தாயி தலையை ஆட்டினாள். கல்யாணம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? புருஷன் முகத்தில் மொய்த்த ஈயை ஓட்டினாள்.

"செரி, ஊத வேண்டாம். அந்த டிரம்ம மட்டும் கொண்டாரச் சொல்லு கண்ணு. தனசேகரு மாட்டிட்டு முன்னால நடக்கட்டும். அடிக்க வேண்டாம். சும்மா நடந்தாப் போதும்."

"அதுல நம்ம பேரு பெருசா இருக்குதுங்கத்தை. படத்துல உழுந்துரும்."

"என்ற சீல ஒண்ணு தாரேன். மேல போட்டு மூடிக்கலாம்."

பக்கத்தில் இருந்த பெண்கள் அதுதான் சரி என்றார்கள். சீலையைப் போட்டு மூடினால் பேர் எப்படித் தெரியும்? பேர் மட்டும்தான் காரணம் என்று அதுவரைக்கும் உஷாராணியே நம்பிக்கொண்டிருந்தாள். பிணத்துக்கு முன்னால் போன டிரம்மை நாளைக்குத் தாலி கட்டுகிற மண்டபத்தில் எப்படி நிறுத்துவது என்று அவள் மனசுக்குள்ளேயே ஒன்று கூசியது. பார்ட்டிகள் கேட்ட கேள்வி இந்த நான்கு வருஷத்தில் அவளுடைய கேள்வியாகவே ஆகியிருந்தது. அவள் அந்தக் கூச்சத்தை மறைத்துக்கொண்டு, டிரம்மைத் தோல் மாற்றக் கொடுத்திருக்கிறது, நாளைக்கு வழியில்தான் வாங்கிக்கொள்ளவேண்டும் என்றாள். டிரம் அவள் வீட்டு முன்ரூமில் உறை போட்டு இருந்தது. அது அங்கே நின்ற ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அத்தாயிக்கும் தெரியும்.

"அப்ப சரி," என்றாள் அத்தாயி.

கந்தவேல் செட்டு சொன்னபடி மூன்று மணிக்கு வந்தது. எட்டுப் பேர், வெள்ளைச் சட்டை. கந்தவேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஆண்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எப்போதோ ஒரு மாரியம்மன் நோம்பியில் இவரோடு சேர்ந்து விடிய விடிய ஊதியிருக்கிறானாம். எழுந்ததும் தனசேகரைத் தேடிவந்து, தன் டிரம்பெட்டையே துடைத்து நீட்டினான். நீங்க மொதல்ல ஊதுங்கண்ணா, நான் பின்னால சேந்துக்கறேன் என்றான். தனசேகர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கந்தவேலே ஊதத் தொடங்கினான்.

நன்றாகத்தான் ஊதினார்கள். ஒரு குறையும் சொல்லமுடியாது. பெரிய டிரம் அடித்தவன் ஆண்டி மாதிரியே குச்சியைக்கூட ஒருதரம் வீசிப் பிடித்தான். அந்தக் குச்சி வீச்சு இவரைப் பார்த்துக் கற்றதாகத்தான் இருக்கும். எந்த இடத்திலும் ஓட்டை இல்லாமல் பாட்டு முழுசாக இருந்தது. ஆண்டியின் சொந்தச் செட்டு ஆட்கள் தெருவோரமாக வரிசையாக நின்றார்கள். சாவு வீட்டில் இதுவரைக்கும் கை சும்மா இருந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. ஒருத்தன் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான், ஒருத்தன் சாமியானாக் கம்பைப் பிடித்துக்கொண்டான். பாடை நகர்ந்ததும் பின்னாலேயே நடந்தார்கள்.

பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டார்கள். மேளச் சத்தம் கிழங்குக் காட்டைத் தாண்டி வாய்க்கால் பக்கம் போய்க் குறைந்தது. அத்தாயியைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் கல்யாணப் போன் அடித்தது. அதை வீட்டில் வைத்துவிட்டு வர உஷாராணிக்கு மனசு வந்திருக்கவில்லை. எடுத்துப் பார்த்தாள். குமாரசாமி. எடுக்காமல் விட்டால் மறுபடி அடிக்கும். நாலு எட்டு தள்ளிப் போய் எடுத்தாள். குரல் தானாக மாறிக்கொண்டது.

அவர் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வேன் எத்தனை மணிக்கு வரும், எங்கே நிறுத்துவது. அப்புறம் போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டார். அந்தப் படத்தில் குச்சியை வீசிப் பிடிக்கிற பெரியவர் வருவாருங்கள்ல? எங்க ஊட்டுல அவரப் பாத்துட்டுத்தான் இந்தச் செட்டுதான் வேணுமின்னு ஒத்தக்காலுல நின்னாங்க.

"வந்துருவாருங்க," என்றாள் உஷாராணி.

"கட்டாயம் வரோணுமுங்க."

"கட்டாயமுங்க."

திரும்பினால் அத்தாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமாரசாமி போனுக்கு வெளியில் கேட்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசுகிறவர்.

"கல்யாணத்துக்காரங்களா சாமி?"

"ஆமாங்கத்தை."

"உங்க மாமனக் கேக்கறாங்களா?"

உஷாராணி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அத்தாயி சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். மெரூன் கோட்டோடு வந்தாள். வெள்ளிக்கிழமை துவைத்து, மடித்து, பெட்டிக்கடியில் வைத்து மடிப்பு விழவைத்த கோட்டு.

"இதையும் எடுத்துட்டுப் போ. எவனுக்காச்சும் போட்டு உடு. தள்ளி நின்னு பாத்தா ஆருக்குத் தெரியப்போவுது?"

"அத்தை, அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"கோவத்துல சொல்லல கண்ணு. பதிமூணு கோட்டு வேணுமில்ல உனக்கு? ஒண்ணு கொறஞ்சா வரிச நல்லாயிருக்காதின்னு அந்தாளே சொல்லீருக்குது. எடுத்துட்டுப் போ."

வாங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டே காலில் விழுந்திருக்கலாம். ஆனால் ஒரே நாளில் அந்த மெரூன் துணிக்கு எங்கே போவது? அவள் வாங்கிக்கொண்டாள். வண்டியின் சீட்டுக்கடியில் அது கொள்ளாததால் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வேன் கிளம்பியபோது எல்லோரும் வந்திருந்தார்கள். மணிமாறன் வரமாட்டான் என்று உஷாராணி நினைத்திருந்தாள். அவன்தான் முதலில் வந்து உட்கார்ந்திருந்தான். வயிறு இருக்கிறவன் எங்கே போவான்? வழக்கமாக வேனில் ஒரே கூச்சலாக இருக்கும். அன்றைக்கு இன்ஜின் சத்தம் மட்டும்தான். பெரிய டிரம்முக்கு மூன்றாம் செட்டிலிருந்து மாரியப்பன் என்பவனை வரச்சொல்லியிருந்தாள். ஆண்டியின் கோட்டு அவனுக்குத் தோளில் தொளதொளவென்று இருந்தது. சோப்பு வாசம் அடிக்கிறது என்றான். தனசேகர் முன்சீட்டில் உட்கார்ந்து நாமக்கல் தாண்டியும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். முந்தின நாளிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி வைத்தால் குடித்தான், சோறு போட்டால் தின்றான். அவ்வளவுதான். திட்டினாலாவது தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மண்டபம் பெரிது. வாசலில் காரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. செட்டுக்காரர்களுக்குப் பின்பக்கம் ஷெட்டில் கேசரி, போண்டா, காப்பி கொடுத்தார்கள். சாப்பிட்டு வாய் துடைத்துக்கொண்டு அழைப்பு கிளம்புகிற கோயில் வாசலில் வந்து வரிசை கட்டினார்கள். உஷாராணி போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றாள். மாப்பிள்ளை கார் ஜோடித்துத் தயாராக இருந்தது. குமாரசாமி வெள்ளை வேட்டி சட்டையில் நேராக வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காய்ச்சல் என்று சொல்ல உஷாராணி மனசுக்குள் வார்த்தை தயார் செய்துவைத்திருந்தாள். ஆனால் அவர் அவளிடம் வரவில்லை. தனசேகர் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, அந்தப் பெரியவர எங்கீங்க காணோம்? எங்க ஊட்டுல கேட்டுட்டே இருக்கறாங்க."

உஷாராணி போனை இறக்கிக்கொண்டாள். தனசேகர் நேற்றுச் சாயந்தரம் ஆண்டி குழியில் மண் தள்ளிவிட்டு வந்தவன். நேற்றுக் காலையிலிருந்து வாயைத் திறக்காதவன். அவன் நெஞ்சில் அடைத்துக் கிடப்பதெல்லாம் இப்போது வெளியில் வரும், வந்தால் வரட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். அப்படி வந்துவிட்டால் வீட்டுக்குப் போய் அவன் மடியில் தலையை வைத்து அழலாம் என்று இருந்தது.

தனசேகர் டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான். சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள்தான் பழக்கியிருந்தாள், பார்ட்டி முன்னால் எப்படிச் சிரிக்கவேண்டும் என்று கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்து.

"வேற ஒரு கல்யாணத்துல மாட்டிக்கிட்டாருங்க. நல்ல முகூர்த்தம் பாருங்க, எல்லாரும் அவரையேதான் கேக்கறாங்க."

"அதுதானே பாத்தேன். அவ்வளவு கிராக்கிங்களா?" குமாரசாமிக்குக் கோபமில்லை. கொஞ்சம் பெருமைகூடப் பட்ட மாதிரி இருந்தது. "செரி, வர்ற கார்த்திகை பத்தொம்பது எந்தம்பி பையனுக்கு வெச்சிருக்கறோம். அன்னைக்கு அவர வேற எங்கயும் உட்றாதீங்க."

"உடமாட்டனுங்க."

அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரை நோக்கிப் போனார். மணிமாறன் கிளாரினெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனசேகர் டிரம்பெட்டின் வாயைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே, முந்தின நாள் காலைக்குப் பிறகு முதல்தரமாக, உஷாராணி முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"கார்த்திகை பத்தொம்பது. எழுதிக்க. மாமனத்தான் கேட்டிருக்காங்கன்னும் சேத்து எழுதிக்க."

அவள் எழுதினாள்.